டிமென்ஷியா இருக்கிறவங்கள ஆராய்ச்சில சேக்குறதும் டெஸ்ட் எடுக்குறதும்: ஃபீல்டுக்குப் போறவங்களுக்குக் கொஞ்சம் விவரம்

சைக்காலஜி, சோஷியல் ஒர்க், நர்சிங் படிக்கிற பசங்க தீசிஸுக்கு "முதியோரிடம் மறதி"ன்னு ஒரு தலைப்ப எடுத்துக்கிட்டு, நெட்ல கிடைச்ச டெஸ்ட்ட பிரிண்ட் போட்டு, நேரா ஏதாவது முதியோர் இல்லத்துக்குக் கிளம்பிடுறாங்க. ரெண்டே நாள்ல எல்லாருக்கும் மார்க் போட்டாச்சு, டேபிளும் ரெடி. அந்த மார்க்ல பாதி அந்தப் பாட்டியோட ஞாபகத்தப் பத்தினதே கிடையாது. அவங்க எத்தனாவது வரைக்கும் படிச்சாங்க, காது எப்படி கேக்குது, அன்னிக்குப் பக்கத்துல யார் உக்காந்திருந்தாங்க, இதப் பத்தினது. அதனால இத தமிழ்நாட்டுல வீடு வீடா போய் இந்த வேலைய பண்ணப் போறவங்கள மனசுல வச்சுத்தான் எழுதுறேன், ஆஸ்பத்திரி ரூம்ல உக்காந்து டெஸ்ட் எடுக்குறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

டிமென்ஷியாங்கிறது ஞாபகமும் யோசிக்கிற திறனும் குறைஞ்சு தினசரி வேலையே தடுமாறுற நிலை. இந்த ஆராய்ச்சில நம்ம பக்கத்துக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1998ல கொச்சில ஆரம்பிச்ச 10/66 ஆராய்ச்சிக் குழுன்னு ஒண்ணு, பேருக்கு விளக்கம் என்னன்னா டிமென்ஷியா உள்ளவங்கள்ல 66 சதவீதம் பேர் வளரும் நாடுகள்ல இருக்காங்க, ஆனா அங்க நடக்குற ஆராய்ச்சி 10 சதவீதத்துக்கும் கம்மின்னு அப்ப போட்ட கணக்கு. அவங்க சர்வே எடுத்த இடங்கள்ல சென்னையும் வேலூரும் உண்டு. 2023ல வந்த தேசிய அளவிலான கணக்குப்படி இந்தியால 60 வயசுக்கு மேல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கு. ஆள் குறைவா இருக்காங்கன்னு யாரும் சாக்கு சொல்ல முடியாது.

யார்கிட்ட கேக்குறது

வாசல்ல செருப்ப விடும்போதே மகனோ மருமகளோ சொல்லிடுவாங்க, "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க, என்னைக் கேளுங்க நான் சொல்றேன்". அவங்க சொல்றதும் வேணும்தான், தெரு மாறிப் போனது, ஒரே மாத்திரைய ரெண்டு தடவ போட்டது இதெல்லாம் அவங்கதான் சொல்ல முடியும். ஆனா எது பயமா இருக்கு, பகல் முழுக்க தனியா உக்காந்திருக்கிறது எப்படி இருக்கு, யார் குளிப்பாட்டினா கூச்சமா இருக்கு, இத மகன் சொல்ல முடியாது. ஆரம்ப நிலைலயும் நடு நிலைலயும் இருக்கிறவங்க இதெல்லாம் நல்லாவே சொல்லுவாங்க, நாம காத்திருந்தா. அதனால முதல் வணக்கம், முதல் பேச்சு பெரியவர்கிட்டதான். "ஐயா, நான் இன்னார், இங்க இருந்து வரேன், உங்ககூட கொஞ்சம் பேசலாமா"ன்னு அவர் கண்ணப் பாத்துக் கேளுங்க, மகன் தலைக்கு மேல பேசாதீங்க, பெரியவர் தலைக்கு மேலயும் பேசாதீங்க. அப்புறம் இந்தக் கொஞ்சுற குரல், "என்ன பாட்டி, சமத்தா பதில் சொல்லுவீங்களா"ன்னு, அத தயவுசெஞ்சு வீட்லயே வச்சுட்டு வாங்க. நாப்பது வருஷம் வயலயும் ஆளுங்களயும் கட்டி மேய்ச்ச அம்மா அவங்க, அவங்களுக்குக் கோவம் வந்தா நியாயம்தான்.

சம்மதம்

சட்டம் தெரிஞ்சுக்காம போகாதீங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல மனநோய்க்குக் கொடுத்திருக்கிற விளக்கத்துலயே ஞாபகமும், காலம் இடம் தெரியுறதும் வருது. பிரிவு 99 ஆராய்ச்சி பத்தினது. வெறும் பேட்டின்னாலும் அவங்க சம்மதம் வாங்கணும், எப்ப வேணா வாபஸ் வாங்கிக்கலாம். சம்மதம் சொல்ற நிலைல இல்ல ஆனா எதிர்ப்பும் காட்டலங்கிறவங்ககிட்ட மனசு சம்பந்தமாவோ உடம்பு சம்பந்தமாவோ மருந்து வச்சோ ஏதாவது பண்ணணும்னா மாநில மனநல ஆணையத்தோட அனுமதி வேணும், வீட்டுக்காரங்க கையெழுத்து மட்டும் போதாது. காலேஜ் எத்திக்ஸ் கமிட்டிக்குப் பேப்பர் போடும்போதே இத எழுதிடுங்க, கடைசி நேரத்துல ஓடாதீங்க. ஐசிஎம்ஆரோட, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட, 2017 நெறிமுறைகளையும் ஒரு தடவ முழுசா படிச்சிடுங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கும்போது நம்ம டீமைச் சேராத ஒரு சாட்சி பக்கத்துல இருக்கணுங்கிறதெல்லாம் அதுல இருக்கு.

புரிஞ்சுக்குற திறன் இருக்கா இல்லையாங்கிறத டெஸ்ட் மார்க்க வச்சு முடிவு பண்ணக் கூடாது. 30க்கு 15 வாங்கினவருக்கு "ஒரு மணி நேரம் பேசுவோம், பிடிக்கலன்னா நிறுத்திடலாம், உங்க பென்ஷனுக்கோ வைத்தியத்துக்கோ இதனால ஒண்ணும் ஆகாது"ங்கிறது நல்லா புரியலாம், அதே ஆளுக்கு புது மருந்து சோதனைல யாருக்கு நிஜ மருந்து யாருக்கு வெத்து மாத்திரைன்னு குலுக்கல்ல முடிவாகுங்கிறது புரியாம போகலாம். முடிவுக்கு முடிவு மாறும், நேரத்துக்கு நேரமும் மாறும். சட்டமும் மூணு விஷயத்தத்தான் பாக்குது: விஷயம் புரியுதா, அதனால என்ன ஆகும்னு தெரியுதா, முடிவ பேச்சாலயோ சைகையாலயோ சொல்ல முடியுதா. நமக்குத் தப்புன்னு தோணுற முடிவ எடுத்தாருங்கிறதாலயே அவருக்குத் திறன் இல்லன்னு சொல்ல முடியாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு.

செய்யுற முறை சிம்பிள்தான். படிவம் ஒண்ணு ரெண்டு பக்கம், பெரிய எழுத்து, படம் போட்டா இன்னும் நல்லது. ஒவ்வொரு விஷயமா வாயால சொல்லுங்க, சொல்லி முடிச்சதும் "சரியா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் சரின்னுதான் சொல்லுவாங்க. "நான் எதுக்கு வந்திருக்கேன்னு வீட்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?"ன்னு கேளுங்க, "பாதில வேணாம்னு தோணுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. அவங்க வார்த்தைல வர்றதுதான் கணக்கு. "நீ குடுக்குற மாத்திரைல எனக்கு மறதி போயிடும்"னு ஒரு அம்மா சொன்னா அது சம்மதம் இல்ல, உங்கள டாக்டர்னு நினைச்சுட்டாங்க, திரும்ப முதல்ல இருந்து சொல்லுங்க.

கையெழுத்துன்னதும் முகம் மாறும் பாருங்க, அது சும்மா இல்ல. சொத்து எழுதி வாங்குறதுக்குக் கைநாட்டு வச்ச கதை எல்லா ஊர்லயும் உண்டு, அதனால பெரியவங்களும் பயப்படுவாங்க, பங்காளிங்களும் சந்தேகமா பாப்பாங்க. பேப்பர அவசரமா நீட்டாதீங்க, முழுக்க வாசிச்சுக் காட்டி, ஒரு காப்பிய வீட்லயே விட்டுட்டு, வேணும்னா ரெண்டு நாள் கழிச்சு வந்து வாங்கிக்கோங்க. இன்னொண்ணு, வீட்டுக்கு வந்தவங்கள இல்லன்னு சொல்லி அனுப்ப மனசு வராம சரின்னு சொல்றவங்கதான் நம்ம ஊர்ல ஜாஸ்தி. அதனால வாய் சொல்றத மட்டும் நம்பாதீங்க. முகத்தத் திருப்பிக்கிறது, "அடுப்புல பால் வச்சிருக்கேன்"னு எழுந்து எழுந்து போறது, "எங்க வீட்டுக்குப் போகணும்"னு சொந்த வீட்லயே உக்காந்து சொல்றது, இதெல்லாம் வேணாங்கிறதுக்கு அர்த்தம், அன்னிக்கு முடிச்சுக்கோங்க. மகன் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. அடுத்த தடவ போகும்போது போன தடவ வாங்கின சம்மதத்த நம்பி உக்காராதீங்க, மறுபடி சொல்லி மறுபடி கேளுங்க.

சங்கடமான விஷயம் ஒண்ணு இருக்கு. நிறைய வீடுகள்ல டாக்டர் சொன்ன நோய்ப் பேர பெரியவர்கிட்ட சொல்லியிருக்கவே மாட்டாங்க, நீங்க போய் "டிமென்ஷியா உள்ளோருக்கான ஒப்புதல் படிவம்"னு கொட்டை எழுத்துல போட்ட தாள நீட்டுவீங்க. போன்ல பேசும்போதே "அப்பாவுக்கு என்ன தெரியும், வீட்ல என்ன சொல்லிப் பேசுவீங்க"ன்னு கேட்டுக்கோங்க. படிவத்துல "ஞாபகத்துல சிரமம்"னு போடலாமான்னு கமிட்டிகிட்ட முன்னாடியே பேசிடுங்க. ஆனா அவரே "எனக்கு என்னம்மா வியாதி"ன்னு நேரா கேட்டா பொய் சொல்லக் கூடாது, அத சொல்ற இடத்துல நாம இல்ல, "இத டாக்டர்கிட்ட கேக்கலாம், நான் ஏற்பாடு பண்றேன்"னு சொல்லிட்டு, சொன்னபடி ஏற்பாடும் பண்ணணும்.

எந்த டெஸ்ட்

ஞாபகம், கவனம், மொழி இதெல்லாம் சுருக்கமா பாக்குற டெஸ்டுங்கதான் இதெல்லாம். எம்எம்எஸ்இ 1975ல வந்தது, 30 மார்க், எல்லாருக்கும் தெரிஞ்சது, ஆனா 2001ல இருந்து லைசென்ஸ் ஒரு கம்பெனி கைல, காசு கட்டித்தான் எடுக்கணும், ஜெராக்ஸ் போட்டு எடுக்குறது முறையில்ல. மோகாவும் 30 மார்க்தான், 26ம் அதுக்கு மேலயும் நார்மல்னு வச்சிருக்காங்க, 12 வருஷமோ அதுக்கும் குறைவாவோ படிச்சவங்களுக்கு ஒரு மார்க் கூடுதல். ஒரு மார்க்! பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பாட்டிக்குக் கன சதுரத்தப் பாத்து வரையச் சொல்லிட்டு ஒரு மார்க் சேத்துக் கொடுக்குறது என்ன கணக்குன்னு எனக்கு விளங்கல. படிக்காதவங்களுக்குன்னே மோகா பேசிக்னு தனியா ஒண்ணு வந்திருக்கு. ஏசிஇ-3ன்னா 100 மார்க், கவனத்துக்கு 18, ஞாபகத்துக்கு 26, சரளமா வார்த்தை சொல்றதுக்கு 14, மொழிக்கு 26, வடிவம் இடம் பாக்குறதுக்கு 16, எந்தத் திறன் அடி வாங்கியிருக்குன்னு பிரிச்சுப் பாக்க நல்லது, கால் மணில இருந்து இருபது நிமிஷம் ஆகும். ஐசிஎம்ஆர் டூல்பாக்ஸ்ங்கிற டெஸ்ட் தொகுப்புல இத இந்திய மொழிகளுக்குத் தகுந்த மாதிரி மாத்தினாங்க, முதல்ல வந்த 5 மொழில தெலுங்கு கன்னடம் மலையாளம் எல்லாம் இருந்துச்சு, தமிழ் இல்ல. மோகாவுக்குத் தமிழ் வடிவம் இருக்கு, இலங்கைத் தமிழர்கள் மத்தியிலயும் சரிபாத்திருக்காங்க, ஆனா அங்க சரிபாத்த வெட்டு மார்க்க (இதுக்குக் கீழ வந்தா சந்தேகம்னு வைக்கிற மார்க்) அப்படியே தர்மபுரிக்குத் தூக்கிட்டு வராதீங்க.

படிப்பில்லாதவங்களுக்கு யோசிச்சுப் பண்ணது எச்எம்எஸ்இ, எம்எம்எஸ்இயோட இந்தி வடிவம். ஹரியானா பல்லப்கர் கிராமங்கள்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்காக 90கள்ல மாத்தினாங்க. "கண்ண மூடு"ன்னு எழுதினதப் படிக்கச் சொல்றதுக்குப் பதிலா நான் பண்றத அப்படியே பண்ணுங்கன்னு செஞ்சு காட்டுறது, ஒரு வாக்கியம் எழுதுங்கங்கிறதுக்குப் பதிலா உங்க வீட்டப் பத்தி ஏதாவது சொல்லுங்கங்கிறது, இந்த மாதிரி. இப்படித்தான் மாத்தணும், வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தா ஆகாது. ருடாஸ்னு ஆஸ்திரேலியால 2004ல வந்ததும் பல மொழிக்காரங்களுக்குன்னு பண்ணது. சிக்னலும் இல்லாத கிராசிங்கும் இல்லாத ரோட்ட எப்படி பத்திரமா கடப்பீங்கன்னு அதுல ஒரு கேள்வி வரும், நம்ம ஊர்ல எல்லா ரோடும் அப்படித்தான், தாத்தா உங்களுக்கே பாடம் எடுப்பாரு.

எத எடுத்தாலும் ஃபீல்டுக்குப் போறதுக்கு முன்னாடி டீமா உக்காந்து விதி எழுதிக்கோங்க. இன்னிக்கு என்ன மாசம்னு கேட்டா "புரட்டாசி"ம்பாங்க, என்ன தேதின்னா "நாளைக்கு அமாவாசை"ம்பாங்க, சரியா இருந்தா மார்க் உண்டா இல்லையா? ஒரு நிமிஷத்துல எத்தன மிருகம் சொல்றீங்கன்னு கேட்டா கோழி, சேவல், கோழிக்குஞ்சு, ஆடு, வெள்ளாடு, செம்மறி, கிடான்னு போகும், ஒண்ணா ஏழா? "ப"ல ஆரம்பிக்கிற வார்த்தைன்னா பா, பி, பூ எல்லாம் சேத்தியா, பஸ்ஸு பன்னு பிஸ்கட்டு ஓகேவா? டெஸ்ட்டோட மேனுவல் முதல்ல, அதுல பதில் இல்லாததுக்கு உங்க விதி, அத பேப்பர்ல எழுதி எல்லாருக்கும் ஒண்ணா கொடுத்துடணும், இல்லன்னா ஒவ்வொருத்தர் கைலயும் ஒவ்வொரு மார்க் வரும். எழுத்து தெரியாதவங்களுக்கு எழுத்து வச்சு வார்த்தை கேக்குற பகுதியே அர்த்தமில்லாதது, அதுக்கு பூஜ்யம் போடாதீங்க, "எடுக்கல, எழுத்தறிவு இல்ல"ன்னு எழுதுங்க, பூஜ்யமும் எடுக்காததும் வேற வேற.

டெஸ்ட் எடுக்குற அன்னிக்கு

காலைல டிபன் மாத்திரை எல்லாம் முடிஞ்சு பத்து பத்தரை மணிவாக்குல போங்க, சாயங்காலம் நிறைய பேருக்குக் குழப்பம் கூடும். கண்ணாடி எங்க, காது மெஷின் போட்டிருக்காங்களா, பேட்டரி இருக்கா, இத கேக்காம முதல் கேள்வி கேக்கக் கூடாது. கூட ஒரு ரீடிங் கிளாஸ் பைல வச்சுக்கோங்க. டிவிய அணைக்கச் சொல்லுங்க, ஜன்னல் வெளிச்சம் உங்க முகத்துல விழுற மாதிரி உக்காருங்க, உங்க உதடு அசையுறது அவங்களுக்குத் தெரியணும். நேத்து தூக்க மாத்திரை போட்டாங்களா, நல்லா தூங்கினாங்களான்னு கேட்டு எழுதிக்கோங்க. முக்கியமானது, நல்லா இருந்தவங்க நாலஞ்சு நாளா திடீர்னு மாறிட்டாங்க, பகல்ல தூங்கி வழியுறாங்க, இல்லாத ஆள் இருக்குங்கிறாங்கன்னு வீட்ல சொன்னா டெஸ்ட்ட மூடி வச்சிட்டு டாக்டர்கிட்ட அனுப்புங்க, யூரின் இன்ஃபெக்ஷன், மருந்துக் கோளாறு, ரத்தத்துல உப்பு குறையுறது இப்படி எதுவா வேணா இருக்கலாம், அது அவசரம். மனச்சோர்வும் மறதி மாதிரியே நடிக்கும், அதுக்குத் தனி அளவுகோல் ஒண்ணும் கூடவே வச்சுக்கோங்க.

குடும்பத்த தனியா உக்கார வைக்கிறதுதான் பெரிய வேலை. பக்கத்துல இருந்தா "நேத்துகூட சொன்னீங்களேப்பா", "மாமா, யோசிங்க மாமா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க, பேரப்பிள்ளைங்க சிரிக்கும், பெரியவர் முகம் சுண்டிப் போயிடும், அதுக்கப்புறம் வர்ற பதில் எதுக்கும் ஆகாது. அவங்ககிட்ட வீட்டு ஆள்களுக்கான கேள்வித்தாளக் கொடுத்து அடுத்த ரூமுக்கு அனுப்புங்க, அவங்களுக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும். பெரியவருக்குப் பக்கத்துல ஆள் இல்லன்னா பயம்னா, ஒருத்தர பின்னாடி, அவர் கண்ணுல படாத இடத்துல, வாய் திறக்கக் கூடாதுங்கிற கண்டிஷனோட உக்கார வைங்க.

அந்தக் கேள்வித்தாள்லயும் ஒரு பொறி இருக்கு. "சமைக்கிறாரா, பேங்குக்குப் போறாரா"ன்னு கேட்டா, வாழ்நாள்ல ஒரு தோசை சுடாத தாத்தாவும் பேங்க் வாசலுக்கே போகாத பாட்டியும் எல்லாத்துலயும் ஃபெயில் ஆவாங்க. முன்னாடி பண்ணிட்டிருந்தது இப்ப நின்னுடுச்சாங்கிறதுதான் கேள்வி. கோலம் போட்டவங்க புள்ளி வச்சுட்டு இழுக்கத் தெரியாம நிக்கிறாங்களா, சீட்டுப் பணம் கணக்கு வச்சிருந்தவங்க தடுமாறுறாங்களா, பூஜை சாமான் வரிசை மாறுதா. ஐக்யூகோடுன்னு 1989ல வந்த கேள்வித்தாள் பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்ததோட ஒப்பிட்டுத்தான் கேக்கும், படிப்போட தாக்கம் அதுல கம்மி. டெஸ்ட் மார்க்கும் இதுவும் ஒண்ணா வச்சுப் பாத்தாத்தான் ஏதாவது சொல்ல முடியும். வயசு விஷயத்துலயும் ஆதார மட்டும் நம்பாதீங்க, ஜனவரி 1னு போட்டிருந்தா குத்துமதிப்பா போட்டதா இருக்கலாம். தனுஷ்கோடி புயல் அடிச்ச 1964ல யாருக்குக் கல்யாணம் ஆச்சு, அண்ணா இறந்த 1969ல எந்தப் பிள்ளை கைக்குழந்தைன்னு கேட்டு வீட்டுக்காரங்களோட சேந்து கணக்குப் போடுங்க.

கேள்விய பேச்சுத் தமிழ்லயே, ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி கேளுங்க, டெஸ்ட்ல எத்தன தடவ திரும்பச் சொல்லலாம்னு இருக்கோ அத்தனதான். கேட்டுட்டு சும்மா இருங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, நமக்குத்தான் அந்த மௌனம் கஷ்டமா இருக்கும், அவங்களுக்கு அது தேட நேரம். சரி, தப்புன்னு சொல்லாதீங்க, முகத்துலயும் காட்டாதீங்க, "ம், அடுத்தது பாப்போமா"ன்னு போங்க. தப்பா சொன்ன பதில அப்படியே எழுதிக்கோங்க, பூஜ்யத்த விட அது நிறைய சொல்லும். கேட்ட மூணு வார்த்தைல குறிப்பு கொடுத்தும் ஒண்ணுகூட வராதவரும், குறிப்பு கொடுத்தா டக்குனு சொல்றவரும் மார்க்ல ஒண்ணா தெரியலாம், நோய் அப்படி இல்ல. கண்ல தண்ணி வந்தா, கை நடுங்கினா, "நான் முட்டாளாயிட்டேன்"னு சொன்னா பேனாவ கீழ வைங்க. எங்க நிறுத்தினாலும் கடைசியா அவங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒண்ணப் பேசிட்டு முடிங்க, மீன் குழம்பு எப்படி வைப்பீங்கன்னு கேளுங்க, நானெல்லாம் இத டெஸ்ட்டோட ஒரு பகுதியாவே வச்சிருக்கேன். ஆறு மாசம் கழிச்சு திரும்ப எடுக்கணும்னா அதே தாள எடுக்காதீங்க, மோகாவுக்கும் ஏசிஇ-3க்கும் மாத்து வடிவங்கள் இருக்கு.

மார்க் வந்ததும் வீட்ல சூழ்ந்துக்குவாங்க, "எத்தன எடுத்தாரு, பாஸா?". டெஸ்ட் மார்க் நோய்க் கண்டுபிடிப்பு இல்ல, குறைவா வந்தா டாக்டர பாக்கச் சொல்லுங்க, யார பாக்கணும், எந்த நாள் ஓபின்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க, அந்தச் சீட்டு இல்லாம ஃபீல்டுக்குப் போகவே போகாதீங்க.

மார்க் எடுக்க மட்டும்தானா?

ஆராய்ச்சில சேக்குறதுன்னா அவங்கள வச்சு டேட்டா எடுக்குறதோட முடிஞ்சிடுதுன்னு நினைக்கிறோம். வெளிநாடுகள்ல இது எங்கயோ போயிடுச்சு. ஸ்காட்லாந்துல டிமென்ஷியா உள்ளவங்களே சேந்து 2002ல ஒரு குழு ஆரம்பிச்சு, 2014ல எங்கள ஆராய்ச்சில எப்படி சேக்கணும்னு அவங்களே நெறிமுறை எழுதினாங்க, அதே 2014ல உலக அளவுல டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனலும் அவங்களே தொடங்கினது, பிரிட்டன்ல டிமென்ஷியா என்குவயரர்ஸ்னு கேள்வியையும் அவங்களே எழுதி ஆராய்ச்சியும் அவங்களே பண்ற திட்டம் நடந்துச்சு. இங்க அந்த அளவு வேணாம், தீசிஸுக்கு மூணு நாலு பேர் போதும், ஆரம்ப நிலைல இருக்கிறவங்களா பாத்து, கேள்வித்தாள பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க. எது புரியல, எது அவமானமா இருக்கு, எத கேக்காம விட்டிருக்கீங்கன்னு கேளுங்க. நீங்க "பராமரிப்பாளர் சுமை"ன்னு ஒரு தலைப்பு வச்சிருப்பீங்க, "நான் சுமையா?"ன்னு ஒருத்தர் கேப்பாரு, அங்கயே தலைப்பு மாறிடும்.

அந்த மீட்டிங்க ஒரு மணி நேரத்துக்குள்ள முடிங்க, நடுல டீ. ஒரு தடவைக்கு ஒரு விஷயம், ஸ்லைடு வேணாம், கைல பிடிக்கிற தாளும் படமும் போதும். சட்டைல பேர் ஒட்டிக்கோங்க, நீங்களும்தான். முந்தின நாளும் அன்னிக்குக் காலைலயும் போன் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் போங்க, பழகின முகம் மனசுல நிக்கும் பேர் நிக்கலன்னாலும். "ஞாபகம் இருக்கா?"ன்னு ஆரம்பிக்காதீங்க, "போன தடவ இதப் பேசினோம்"னு நீங்களே எடுத்துக் கொடுத்துட்டு மேல போங்க. ஏன்னு கேக்குற கேள்விய விட எது, எங்க, யாருன்னு கேக்குறது சுலபம், பழைய போட்டோவோ அவங்க தினம் தொடுற சாமானோ கைல இருந்தா இன்னும் சுலபம். ஆட்டோ காசும் அவங்க நேரத்துக்கான தொகையும் பட்ஜெட்ல முதல் வரியா போடுங்க, அன்னிக்கே கைல கொடுங்க, கூட வர்ற மகளுக்கு ஒரு நாள் கூலி போகும், அதையும் சேத்து. அந்தப் பணம் பெரியவர் கைக்கா மகன் கைக்கான்னு ஒரு சின்ன இழுபறி வரும், பெரியவர் கைல கொடுத்துட்டு வவுச்சர்ல அவர்கிட்டயே கையெழுத்து வாங்குங்க. ரிப்போர்ட் முடிஞ்சதும் ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதி எடுத்துட்டுப் போய் அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டுங்க, "நான் இப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு யாராவது சொன்னா, லைப்ரரிக்கு பைண்டிங் போகுறதுக்கு முன்னாடி அத திருத்துறதுக்கும் ஒரு வாரம் ஒதுக்கி வச்சிருங்க.